கிராமத்து மனிதரைக் கீறிக் கொழும்பில் மாட்டுவது: பன்னிரண்டு படம், பல கேள்வி

காவிமண் (வெள்ளவத்தை)

வணக்கம். வாற தை, மாசிக்குள் கொழும்பில் ஒரு தனிநபர் கண்காட்சி வைக்கிற திட்டம். மொத்தம் 12 படம், எல்லாம் 24×36 அங்குலம், கன்வஸில் ஒயில். பொருள் கிராமத்து வேலை: துலா (கிணத்தில தண்ணி இறைக்கிற ஏற்றம்), கொழுந்து பறிப்பு, கள்ளுச் சீவல், நாற்று நடுகை, கரைவலை (கரையில நிண்டு இழுக்கிற மீன்வலை), குடத்தோட தண்ணிக்குப் போற பெண்கள். ஏழு படம் முடிஞ்சுது.

பிரச்சினை மூண்டு. ஆட்கள் வேலை செய்யிற மாதிரி இல்லை, போட்டோவுக்கு நிக்கிற மாதிரி இருக்கு. தோல் நிறம் சாம்பல் பூத்துப்போய்க் கிடக்கு. கன்வஸ் ரெண்டு தளர்ந்து, பின்பக்கம் கறுப்புப் புள்ளி விழுது. இதோட படத்தை எந்த உயரத்தில் மாட்டுறது, விலை எப்படிப் போடுறது எண்டும் தெரிஞ்சவை சொல்லுங்கோ.

கிடுகுவேலி

தம்பி, முதல் பிரச்சினைதான் தலையான பிரச்சினை. மற்றதெல்லாம் கடையில சாமான் வாங்கித் திருத்தலாம், இதைத் திருத்த ஏலாது. வேலை செய்யிற உடம்பைக் கீறேக்க முகத்தில தொடங்கக் கூடாது. பாரம் எங்கே இருக்கு, அது எந்தக் காலால நிலத்துக்கு இறங்குது எண்டதில தொடங்க வேணும்.

குடத்தை எடுங்கோ. 15 லீற்றர் தண்ணி எண்டால் 15 கிலோ. அது இடது இடுப்பில இருந்தால் அந்த இடுப்பு வெளியில தள்ளி மேல ஏறும், ஏனெண்டால் குடத்துக்கு அதுதான் தட்டு. மேல் உடம்பு வலப்பக்கம் சாயும். வலது கை உடம்பை விட்டு விலகி நிக்கும். இடது கை குடத்தின் கழுத்தைச் சுத்தி வரும், விரல் விளிம்புக்கு உள்ளால பிடிக்கும். தோள் ரெண்டும் ஒரே மட்டத்தில இருந்தால் அது வெறுங்குடம். பார்க்கிற ஆளுக்கு ஏனெண்டு சொல்லத் தெரியாது, ஆனால் பொய் எண்டு விளங்கும்.

சரி பார்க்க ஒரு வழி: கீறி முடிஞ்ச கோட்டுப்படத்தில, ஆளும் பாரமும் சேர்ந்த மொத்தத்தின்ர நடுப்புள்ளியை மதிச்சு, அதில இருந்து நேர் கீழ ஒரு கோடு போடுங்கோ. நிக்கிற ஆளெண்டால் கோடு ரெண்டு பாதத்துக்கும் இடையில விழ வேணும். வெளியில விழுந்தால் ஆள் விழப்போறார், இல்லாட்டி நீங்கள் பாரத்தைக் கணக்கெடுக்கேல்லை.

கரைவலை இதுக்கு நேர்மாறு. அங்க கோடு பாதத்துக்குப் பின்னால விழத்தான் வேணும், ஏனெண்டால் கயிறுதான் ஆளைப் பிடிச்சு வைச்சிருக்கு. எல்லாரும் பின்னால சாய்ஞ்சு, குதி மணலில புதைஞ்சு இருக்கும். இழுபடுற கயிறு நேர்கோடு. அதை வளைச்சுக் கீறினால் அத்தனை பேரின்ர உழைப்பும் அந்த ஒரு வளைவில போயிடும்.

துலாவில துலாக்கொடியைப் பாருங்கோ. பட்டை, அதாவது தண்ணி அள்ளுற வாளி, தொங்கேக்க கொடி செங்குத்து. சரிச்சுக் கீறினால் பட்டை கிணத்துச் சுவரில அடிபடும். துலாமரத்தில ஏறி மிதிக்கிறவரைக் கீறுறீங்கள் எண்டால், அவர் கிணத்துப் பக்கம் நடந்தால் பட்டை இறங்கும், பின்பக்கம் நடந்தால் ஏறும். நிரம்பின பட்டை மேல வருகுது, ஆளோ கிணத்துப் பக்கம் நிக்கிறார் எண்டு ஒரு படம் இருந்தால் துலா பார்த்த எந்தக் கிழவரும் ஒரு நிமிசத்தில பிடிச்சிடுவார்.

சீவலுக்கு: தளைநார் பாதம் ரெண்டையும் ஒண்டாய்ப் பிடிக்கும், உள்ளங்கால் மரத்தை ரெண்டு பக்கத்தாலயும் கவ்வும், முழங்கால் வெளியில விரியும். ஏணியில ஏறுற மாதிரி ஒரு கால் மேல ஒரு கால் கீழ கீறுறது கன படத்தில வாற பிழை.

கொழுந்துக்கூடை

கிடுகுவேலி அண்ணா சொன்னதோட கொழுந்துப் படத்துக்கு நான் கொஞ்சம் சேர்க்கிறேன். கொழும்பில விக்கிற தேயிலைப் படங்கள்ல பாதிக்கு மேல பிழையாத்தான் இருக்கு.

கூடையை ஸ்கூல் பேக் மாதிரி தோள்ல மாட்டிக் கீறாதீங்க. கயிறு தலைக்கு மேல போகும், அதுக்குக் கீழ துணியோ கம்பளியோ மடிச்சு வச்சிருப்பாங்க. பாரம் தலையில இருந்து முதுகுக்கு வருது. அதனால கழுத்து முன்னுக்கு நீண்டு, நாடி கொஞ்சம் உள்ள இழுத்து இருக்கும். கழுத்துக்குப் பின்னால ரெண்டு தசையும் நல்லா தெரியும். இதைக் கீறினாலே பாதிப் பாரம் வந்துரும்.

ரெண்டு கையும் பறிக்கும். ஒரு கையால பறிச்சு மறு கையில சேர்க்கிற மாதிரி கீறுறது பிழை. கை நிறைஞ்சதும் தோளுக்கு மேலால பின்னுக்கு எறிவாங்க, திரும்பிப் பார்க்க மாட்டாங்க. செடி மட்டம் இடுப்புக்குக் கிட்ட இருக்கிறதால கால் தெரியாது. பாதம் வரைக்கும் காட்டணும்னா ஆளைப் பாதையில நிறுத்துங்க, செடி நிரைக்கு நடுவுல நிறுத்தாதீங்க.

இடுப்பைச் சுத்தி படங்கு கட்டியிருப்பாங்க, ஈரச்செடி உடுப்பை நனைக்காம இருக்க. அது சேலை மடிப்பு மாதிரி விழாது. தடிச்சு, முறிஞ்ச கோணங்களா விழும். மெல்லிய துணியும் தடிச்ச படங்கும் பக்கத்துப் பக்கத்துல வர்றது ஓவியருக்கு நல்ல வாய்ப்பு, விட்டுடாதீங்க. செடியை மட்டம் பார்க்கிற மட்டக்குச்சியையும் மறக்காதீங்க. பிரம்புக் கூடைக்குப் பதிலா பை கட்டிப் பறிக்கிற தோட்டம் நிறைய. நீங்க காட்டுறது இன்றைய காலம்னா பையைத்தான் போடணும்.

கையைக் கிட்டப் பாருங்க. பெருவிரலும் சுட்டுவிரலும் கொழுந்துச் சாறு ஊறிக் கறுத்திருக்கும், நகத்தோட ஓரம் கோடு போட்ட மாதிரி இருக்கும், தோல் வெடிப்புல கறை நிற்கும். அதை பேர்ண்ட் அம்பரோட (கருங்கபில வர்ணம்) கொஞ்சம் பச்சை சேர்த்து, மெல்லிய பிரஷால வெடிப்புக்குள்ள மட்டும் விடுங்க. விரல் முழுக்கப் பூசினா கையுறை போட்ட மாதிரி ஆயிரும்.

வண்டல் (மட்டக்களப்பு / இப்ப தெமட்டகொட)

நடுகைப் படத்துக்கு ரெண்டு விசயம்.

நடுறவங்க பின்னுக்குத்தான் போவாங்க. நட்ட நிரை அவங்களுக்கு முன்னால இருக்கும், வெறுஞ்சேறு பின்னால இருக்கும். மாறிக் கீறினா அவங்க நட்ட நாற்றையே மிதிச்சுக்கிட்டுப் போறாங்க. முதுகு நிலத்துக்குக் கிட்டத்தட்டச் சமாந்தரம், வளைவு இடுப்பில, முழங்கால் லேசா மடங்கும். இடது கையில நாற்று முடி, வலது கை நடும். கால் கெண்டைக்கால் வரை சேத்துக்குள்ள. பாதம் தெரியாட்டியும் கால் எங்க ஊன்றியிருக்கு என்று தெரியணும். அதுக்குக் காலைச் சுத்தி ஒரு சின்ன வளையம் தண்ணி, அதில வானத்தின்ர நிறம்.

மற்றது இடம். நம்மட பக்கம் பெரும்பாலும் விதைப்புத்தான், நடுகை குறைவு. படத்துக்கு “மட்டக்களப்பு வயல்” என்று தலைப்புப் போட்டு வரிசையா நாற்று நடுறதைக் கீறினா, அந்த ஊர்க்காரர் வந்து எந்த வட்டை (வயல்வெளி) என்று கேட்பார். ஒன்றில் தலைப்பில ஊரை எடுங்க, இல்லாட்டி வட்டையில விதைக்கிறவரைக் கீறுங்க. விதைக்கிற கையின்ர வீச்சு நடுகையை விட அருமையான அசைவு. அதைக் கீறுறவங்கதான் குறைவு.

காவிமண்

துலாப் படத்தில கொடி சரிஞ்சுதான் இருக்கு. நடுகையில நிரையும் மாறிக் கிடக்கு. ரெண்டையும் திருத்துறன். அக்கா சொன்ன கழுத்து விசயம் இப்பத்தான் விளங்குது. போனில எடுத்த போட்டோவைப் பார்த்துத்தான் கீறினது. அதுதான் காரணமோ?

நெய்வண்ணம்

போட்டோ குற்றமில்லை, போன் லென்ஸ் எப்படி ஏமாத்தும் என்று தெரியாமல் பாவிக்கிறதுதான் குற்றம். போனின் சாதாரண லென்ஸ் அகலக்கோணம். ஒரு மீற்றர் தூரத்தில் நின்று எடுத்தால் கிட்ட இருக்கிற கை பெருத்து, தூர இருக்கிற கால் சிறுத்து வரும். அதை அப்படியே கன்வஸில் ஏற்றினால் ஆள் பொம்மைபோல் இருப்பார். மூன்று நாலு மீற்றர் பின்னுக்கு நின்று, இரண்டு மடங்கு சூமில், அவருடைய நெஞ்சு உயரத்தில் போனைப் பிடித்து எடுங்கள். ஒரே நிலைக்கு மூன்று படம் வேண்டும்: முழு ஆள், கை மட்டும், பாதம் மட்டும். பாதத்தைப் பெரும்பாலும் எல்லாரும் மறப்பார்கள், பிறகு கற்பனையில் கீறுவார்கள். செருப்பில்லாமல் நடந்த பாதத்தில் விரல்கள் விரிந்து, பெருவிரலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி இருக்கும். சப்பாத்துக்குள் வளர்ந்த பாதத்தைப் பார்த்துக் கீறி வேலையாளுக்கு ஒட்டினால் பொருந்தாது.

அதோடு அந்த இடத்திலேயே பென்சிலால் பத்து நிமிடக் கோட்டுப்படம் இரண்டாவது எடுங்கள். அசைவு எந்தப் பக்கம் போகிறது என்பது போட்டோவில் இல்லை, அந்தக் கோட்டில்தான் இருக்கும்.

இனித் தோல். சாம்பல் பூப்பதற்குக் காரணம் டைட்டேனியம் வைட். அது வெளிச்சத்தைக் கூட்டும்போதே நிறத்தைக் குளிராக்கிவிடும். கபில நிறத்தில் நேரே வெள்ளையைப் போட்டால் சுண்ணாம்புதான். இப்படிச் செய்து பாருங்கள்: நிழலுக்கு பேர்ண்ட் சியன்னா (செங்கபிலம்) இரண்டு பங்கு, அல்ட்ராமரீன் (கருநீலம்) ஒரு பங்கு. நடு நிறத்துக்கு அதே சியன்னாவோடு யெலோ ஓக்கர் ஒரு பங்கு, கட்மியம் ரெட் கொஞ்சம், அல்ட்ராமரீன் தொட்டும் தொடாமலும். வெளிச்சம் கூட்ட முதலில் ஓக்கர், பிறகு கட்மியம் ஒரேஞ், கடைசியில்தான் தீக்குச்சித் தலையளவு வெள்ளை.

கறுத்த தோலில் மினுக்கம்தான் உயிர். வெளிறிய தோலில் மினுக்கத்துக்கும் நடு நிறத்துக்கும் வித்தியாசம் குறைவு. கறுத்த தோலில் நெற்றி, மூக்கின் முதுகு, தோள்முனை எல்லாம் வானத்தைப் பிரதிபலிக்கும். ஆகவே அந்த இடம் மஞ்சளாக இருக்காது, மங்கிய நீலம்: வெள்ளை, அல்ட்ராமரீன், ஒரு துளி சியன்னா. கீழே இருந்து வருகிற வெளிச்சம் சூடானது. செம்மண் தரையில் நிற்பவரின் நாடிக்கடியிலும் முன்கையின் கீழ்ப்பக்கத்திலும் செம்மஞ்சள் ஏறும். தேயிலைக்குள் நிற்பவருக்கு அதே இடத்தில் பச்சை ஏறும். நாடிக்கடி ஒரு விரல் அகலம்தான். ஆனால் ஆள் எந்த நிலத்தில் நிற்கிறார் என்று அதுதான் சொல்லும்.

கருமை அளவு, அதாவது எந்த இடம் எவ்வளவு இருட்டு என்பது, சரியா என்று பார்க்கப் படத்தைப் போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். நிறம் பிழைத்தாலும் படம் தப்பும். கருமை அளவு பிழைத்தால் தப்பாது.

கிடுகுவேலி

தோலில கறுப்பே பாவிக்கக் கூடாது எண்டு இதை வாசிக்கிறவை எடுத்துப்போடக் கூடாது. ஐவரி பிளாக், வெள்ளை, ஓக்கர், சிவப்பு எண்ட நாலு நிறத்தோட மட்டும் நல்ல மனித உருவம் செய்யலாம். ஐவரி பிளாக் வெள்ளையோட சேர்ந்தால் மங்கின நீலமாய்த்தான் நிக்கும். பிழை வாறது நிழலுக்கெல்லாம் வெறுங்கறுப்பைப் பூசேக்க.

வெளிச்சம் பற்றிப் படிக்க விரும்பினால் தமிழ்நாட்டு ஓவியர் இளையராஜாவின்ர (1979–2021) படங்களைப் பாருங்கோ. கும்பகோணம் பக்கத்து ஆள், கிராமத்துப் பெண்களைக் கீறிப் பேர் பெற்றவர், 2021 ஜூனில கொரோனாவால இறந்துபோனார். வாசல், யன்னல் எண்டு ஒரே பக்கத்தால வாற வெளிச்சத்தில ஆளை வைச்சு, மற்றப் பக்கத்தை இருட்டுக்க விடுவார். அந்த நுணுக்கத்தை அப்பிடியே பின்பற்றச் சொல்லேல்லை. வெளிச்சம் ஒரு இடத்தில இருந்து வந்தால் எவ்வளவு விசயம் சொல்லாமல் விடலாம் எண்டதை அதில படிக்கலாம். உங்கட படங்களில நாலு பக்கத்தாலயும் வெளிச்சம் வந்தால் உருவம் தட்டையாய்த்தான் நிக்கும்.

வண்டல்

எல்லாத்தையும் போட்டோ மாதிரி தேய்ச்சுக் கீறத்தான் வேணும் என்று நான் நினைக்கல்ல. கொழும்பில இருக்கிற ஆளுக்கு வேற ஓவியப் பாணியும் பக்கத்திலயே இருக்கு. 1943-ல லயனல் வென்ட், ஜோர்ஜ் கீட், ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ரிச்சர்ட் கேப்ரியல் எல்லாம் சேர்ந்த '43 குழு என்ற நவீன ஓவியர் குழுவின்ர படங்கள் பாண்ஸ் பிளேசில சபுமல் நிறுவனத்தில, ஹரி பீரிஸ் இருந்த வீட்டில இருக்கு. கேப்ரியலின்ர (1924–2016) மீனவரையும் மாடுகளையும் நின்று பாருங்க. விவரம் மிகக் குறைவு. ஆனா ஆள் குனிஞ்சா முழு உடம்பும் ஒரே வளைவாக் குனியும். பொரளை கோதமி விகாரையில கீட் 1939–40-ல செய்த சுவரோவியங்களில கோடு மட்டும் தனியா நின்று உருவத்தைத் தூக்குது. தமிழ் ஓவியர்களில யாழ்ப்பாணத்து அ. மாற்கு (1933–2000) பெண் உருவங்களைக் கோட்டிலயும் நிறத்திலயும் பலவிதமா முயன்றவர்.

பாரத்தைச் சொல்ல மயிர்க்காலைக் கீறத் தேவையில்ல. அதைத்தான் சொல்ல வாறன்.

நெய்வண்ணம்

வண்டல் சொல்வது சரி. ஆனால் பன்னிரண்டு படத்தில் ஏழு நுணுக்க முறையில் முடிந்துவிட்டது. மிச்ச ஐந்தை வேறு முறையில் செய்தால் சுவரில் இரண்டு பேருடைய கண்காட்சி போல் இருக்கும். இந்தத் தொகுதியை ஒரே கையால் முடியுங்கள், மற்ற முறையை அடுத்த தொகுதிக்கு வையுங்கள்.

மலைவேம்பு

கன்வஸ் பகுதி என்னுடையது.

தளர்வுக்குப் பெரும்பாலும் சட்டம்தான் காரணம். 24×36-க்கு 2×1 அங்குலக் கட்டை, நடுவில் ஒரு குறுக்குக்கட்டை கட்டாயம். மலைவேம்பு (சிங்களத்தில் லுனுமிதெல்ல) நன்றாகக் காய்ந்ததாக எடுத்தால் பாரம் குறைவு, வேலை செய்ய இலகு. மருந்தூட்டாத ரப்பர் பலகையில் வண்டு விழும். எம்.டி.எஃப். ஈரம் குடித்து ஊதும். கட்டையின் முன்பக்கம் உள்நோக்கிச் சரிவாகச் சீவப்பட வேண்டும், இல்லாவிட்டால் கன்வஸ் உள்விளிம்பில் முட்டி, படத்தில் நாலு பக்கமும் ஒரு கோடு தெரியும். சட்டம் சதுரமா என்று பார்க்க மூலைவிட்டம் இரண்டையும் அளங்கள். 24×36-க்கு இரண்டும் 43¼ அங்குலம் வரவேண்டும். மொறட்டுவையில் செய்விக்கிறீர்கள் என்றால் மூலைகளை ஒட்டி ஆணியடிக்க வேண்டாம், ஆப்பு வைக்கிற மாதிரி வெட்டச் சொல்லுங்கள். ஒட்டின சட்டத்தைப் பிறகு இறுக்க முடியாது.

இழுக்கும்போது ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு ஸ்டேப்பிள், பிறகு நடுவிலிருந்து மூலைக்கு, இரண்டு அங்குலத்துக்கு ஒன்று, எதிரெதிர்ப் பக்கம் மாறி மாறி. ஒரு பக்கத்தை முழுக்க அடித்துவிட்டு மறுபக்கம் போனால் மூலையில் சுருக்கம் நிற்கும். ஜெஸ்ஸோ (வர்ணத்துக்கு முன் துணியில் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) மூன்று பூச்சு: முதலாவது கொஞ்சம் தண்ணி விட்டு, மற்ற இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக, காய்ந்தபின் 220 இலக்கப் பட்டுக் கடுதாசியால் தேய்த்து. பூச்சு குறைந்தால் ஒயில் துணிக்குள் இறங்கிப் பின்பக்கம் மஞ்சள் திட்டாகத் தெரியும், துணி உக்கும்.

கறுப்புப் புள்ளி பூஞ்சணம். ஈரக்காற்று, சுவரோடு சாத்தி வைத்தது, வெளிச்சமில்லாத அறை, இந்த மூன்றும் சேர்ந்தால் வரும். முகமூடி போட்டு வெளியில் கொண்டுபோய்ப் பின்பக்கத்தைக் காய்ந்த மெல்லிய பிரஷால் தட்டுங்கள். பிறகு அல்ககோல் தொட்ட துணியை நன்றாகப் பிழிந்து, புள்ளி உள்ள இடத்தில் மட்டும் ஒற்றுங்கள். வர்ணப் பக்கத்துக்கு ஊறக் கூடாது. குளோரின் பிளீச் தொடவே வேண்டாம், பருத்தி இழை அறுந்துபோகும். இனிமேல் சுவரில் இருந்து ஒரு சென்ரிமீற்றர் தள்ளியே வையுங்கள். கீழ் மூலை இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் போதும்.

தளர்ந்ததென்று ஆப்பை அடித்து முரசு மாதிரி இறுக்கவும் வேண்டாம். மழைக்காலத்து வீட்டில் தளர்ந்து நிற்பது ஏ.சி. போட்ட கலரிக்குப் போனதும் தானே இறுகும். முன்கூட்டியே இறுக்கி வைத்தால் மூலையில் வெடிப்பு விழும். கலரியில் ஒரு நாள் இருந்தபின் பார்த்து மெல்லத் தட்டுங்கள்.

காவிமண்

நன்றி அண்ணை. மிச்சம் அஞ்சு படத்தையும் தைக்கு முன்னம் முடிக்க அக்கிரிலிக்குக்கு மாறலாமோ?

நெய்வண்ணம்

அடிப்பூச்சை மட்டும் அக்கிரிலிக்கில் செய்யுங்கள், மேலே ஒயில் போடுங்கள். மறுவளமாகச் செய்தால், ஒயிலுக்கு மேல் அக்கிரிலிக் போட்டால், உரிந்து வரும்.

ஒயிலிலேயே போகிறீர்கள் என்றால் முதல் அடுக்கு பேர்ண்ட் அம்பர், டர்பன்டைன் விட்டு மெல்லியதாக. அம்பர் விரைவாகக் காயும். அதன்மேல் நடு அடுக்கு, பிறகு லின்சீட் எண்ணெய் கொஞ்சம் கூட்டி மேலடுக்கு. எண்ணெய் குறைந்தது கீழே, கூடியது மேலே. மாறினால் கீழ் அடுக்கு இன்னும் அசையும்போது மேல் அடுக்கு இறுகி, வெடிக்கும். டைட்டேனியம் வைட்டும் ஐவரி பிளாக்கும் ஆறுதலாகக் காயும். வெள்ளைச் சேலை கட்டிய பெண்ணின் படத்தைக் கடைசிக்கு விடாமல் முதலில் முடியுங்கள்.

முழு வார்னிஷுக்கு ஆறு மாதமாவது வேண்டும். கண்காட்சிக்கு முன் ரீடச் வார்னிஷ் (தற்காலிக வார்னிஷ்) மெல்லிய ஒரு பூச்சுப் போதும், அதுவும் மழை பெய்யாத நாளில். ஈரக்காற்றில் பூசினால் வெண்புகை படர்ந்த மாதிரி நிற்கும். கறுத்த நிழல் கூடிய படங்களுக்குப் பளபளப்பு வேண்டாம், செமி மெட் எடுங்கள். இல்லாவிட்டால் கலரி விளக்கும் பார்க்கிறவர் முகமும்தான் தெரியும்.

லின்சீட் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணியில் ஊறவைத்து அல்லது விரித்துக் காயவைத்துத்தான் எறிய வேண்டும்.

கொழுந்துக்கூடை

வேற ஒரு விசயம், இதைச் சொல்லாம விட முடியல. தோட்டத்து ஆட்களைக் கீறிக் கொழும்புல மாட்டும்போது சுருக்கம் விழுந்த முகம், அழுக்குத் துணி, சோகக் கண்ணுன்னு ஒரே அச்சுல வருது. அது நல்லா விலைபோகுதுங்கிறதும் தெரியும். ஆனா அந்த முகத்துக்குச் சொந்தக்காரங்க படத்துக்கு முன்னால வந்து நின்னா என்ன நினைப்பாங்கன்னு யோசிச்சுத்தான் கீறணும். பறிக்கிற கை எவ்வளவு வேகமானது, எவ்வளவு தேர்ந்ததுங்கிறது அந்தப் படங்கள்ல இல்ல.

போட்டோ எடுக்கும்போதே இது ஓவியமாகும், விக்கப்படும்னு தமிழ்ல சொல்லி சம்மதம் கேளுங்க. அவங்க விரும்பினா படத்துக்குக் கீழ அவங்க பேரைப் போடுங்க. “கொழுந்து பறிக்கும் பெண்”னு மட்டும் போட்டா தோட்டத்துல இருக்கிற யாரும் யாராவும் இருக்கலாம்னு ஆகுது. பேர் வேணாம்னா போடக் கூடாது. முடிஞ்ச படத்தோட நல்ல பிரிண்ட் ஒண்ணு அவங்க வீட்டுக்குப் போய்ச் சேரணும்.

கிடுகுவேலி

அக்கா சொன்னதுக்கு மேல ஒரு சொல்லும் இல்லை. தலைப்பு மூண்டு மொழியிலயும் போடுங்கோ. ஆனால் துலா, சுளகு, படங்கு எண்ட சொல்லுகளை மற்ற மொழியிலயும் அப்பிடியே எழுதி, கீழ ஒரு வரி விளக்கம் வையுங்கோ. மொழிபெயர்த்தால் சாமானே மாறிப்போகும்.

சுவரளவு

மாட்டுறதும் விலையும்.

முதல் சுவரை அளவுங்கோ. 24 அங்குல அகலப் படம் 12 எண்டால் படம் மட்டும் 24 அடி. படத்துக்குப் படம் ஒண்டரை அடி இடைவெளி, ரெண்டு அந்தத்தையும் சேர்த்து 13 இடைவெளி, அது 19½ அடி. மொத்தம் 43½ அடி சுவர் வேணும். கதவு, சுவிச், தூண் எல்லாம் கழிச்ச பிறகு வாற நீளத்தைச் சொல்லுறன். காணாட்டில் படத்தைக் குறையுங்கோ, இடைவெளியைக் குறைக்காதையுங்கோ. ஆளுயர உருவம் உள்ள படத்துக்குப் பக்கத்தில மூச்சுவிட இடம் வேணும்.

உயரம்: படத்தின் நடு நிலத்தில இருந்து 58 அங்குலம். 36 அங்குலப் படத்துக்கு அரைவாசி 18, கம்பி இழுபட்டு நிக்கேக்க மேல் விளிம்பில இருந்து 3 அங்குலம் கீழ எண்டால், ஆணி 58+18−3, அதாவது 73 அங்குலத்தில. கம்பி கொழுவுற வளையத்தைச் சட்டத்தின் மேலிருந்து மூண்டில் ஒரு பங்கில பூட்டுங்கோ. அதை விடக் கீழ பூட்டினால் படம் முன்னால சரியும். விளக்கு மேலயிருந்து 30 பாகை சரிவில விழவேணும். வெள்ளை நீல எல்.ஈ.டி. கபிலத் தோலைக் கொன்றுபோடும். 3000 கெல்வின், நிறத்தரம் (CRI) 90-க்கு மேல கேளுங்கோ. கலரியில அது இல்லையெண்டால் ஒரு படத்தையாவது முன்கூட்டிக் கொண்டுபோய் அந்த விளக்குக்குக் கீழ வைச்சுப் பார்த்திட்டுத்தான் கடைசி அடுக்குப் பூசுறது நல்லது.

இடம்: கொழும்பு 7-ல லயனல் வென்ட் கலரி, இன்னும் சில தனியார் கலரிகள் இருக்கு. தமிழ்ப் பார்வையாளர் நடந்துவர வேணுமெண்டால் வெள்ளவத்தையில 1942-ல தொடங்கின கொழும்புத் தமிழ்ச் சங்கமும் இருக்கு, ஆனால் மண்டபத்தைப் போய்ப் பார்த்து, சுவரில மாட்ட விடுவினமோ, ஸ்டாண்ட் வேணுமோ எண்டு கேளுங்கோ. தை தொடக்கம் பங்குனி வரை மழை குறைவு எண்டதால எல்லாருக்கும் அந்த மாசங்கள்தான் வேணும். இப்பவே கேளுங்கோ.

1993-ல ஜோர்ஜ் கீட் மன்றம் தொடங்கின கலா பொல எண்ட ஓவியச் சந்தை வேற விசயம். ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில, வெட்ட வெளியில. ஒயில் படம் வெயிலில மினுங்கும், காத்துக்கு ஸ்டாண்டோட விழும். அங்க 12×16 அளவுச் சின்னப் படங்களும் கோட்டுப்படங்களும் கொண்டுபோங்கோ, பெரிய பன்னிரண்டையும் கலரிக்கு வையுங்கோ.

விலை: சதுர அங்குலக் கணக்குச் சின்னப் படத்தை அநியாயமாய்க் குறைச்சுப்போடும். உதாரணமாய்ச் சதுர அங்குலத்துக்கு 60 ரூபாய் எண்டால் 24×36 படம் 51,840, 12×16 படம் வெறும் 11,520. ஆனால் சின்னதுக்குச் செலவான நேரம் அஞ்சில ஒண்டு இல்லை. நீள அகலத்தைக் கூட்டிப் பெருக்கினால், அங்குலத்துக்கு 900 எண்டு வைச்சால், பெரிசு 54,000, சின்னது 25,200. இது நியாயமாய் நிக்கும். பிரேம் செலவு தனி. கலரி தன்ர பங்கை எடுத்தபிறகு மிஞ்சிறது உங்கட சாமான் செலவையும் நாளையும் மூடுதோ எண்டு பார்த்துத்தான் கடைசி விலை. வீட்டில வந்து கேட்கிறவைக்குக் குறைச்சுக் குடுத்தால் அடுத்த முறை ஒரு கலரியும் உங்களை எடுக்காது.

காவிமண்

சுவரளவு அண்ணை, கொண்டுபோறதைப் பற்றியும் சொல்லுங்கோ. வானில ஏத்தத்தான் வேணும்.

சுவரளவு

குமிழ்ப் பொலித்தீனை நேரே வர்ணத்தில போடாதையுங்கோ. வானுக்குள்ள சூடேறினால் வட்ட வட்டமாய் அச்சு விழும், அதை எடுக்க ஏலாது. முதல் கிளாசின் பேப்பர் (வழுவழுப்பான மெல்லிய பேப்பர்), மூலைக்குக் காட்போட் மடிச்ச தொப்பி, அதுக்குப் பிறகுதான் குமிழ்ப் பொலித்தீன், குமிழ் வெளிப்பக்கம். படங்களை நிமிர்த்தி, முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகு. படுக்கவைச்சு அடுக்கினால் மேல் படத்தின் குறுக்குக்கட்டை கீழ் படத்தில அமத்தும். கலரிக்குள்ள கொண்டுபோன உடனே பிரிக்காமல் ரெண்டு மூண்டு மணித்தியாலம் விடுங்கோ. வெளி வெக்கையில இருந்து ஏ.சி.க்குள்ள உடனே மாறுறது கன்வஸுக்குக் கூடாது. விற்கப்படாத படம் திரும்பி வரேக்கயும் இதே ஒழுங்குதான், அப்பத்தான் எல்லாரும் களைச்சுப்போய்க் கவனயீனமாய்க் கட்டுறவை.

ஏத்துறதுக்கு முன்னம் ஒவ்வொரு படத்தையும் வெளிச்சத்தில நேராய் நிண்டு போட்டோ எடுத்து, தலைப்பு, அளவு, ஊடகம், ஆண்டு எழுதி வையுங்கோ. மாற்குவின்ர படங்கள் எத்தனையோ இடப்பெயர்வில அழிஞ்சுபோச்சு. விற்ற படம் ஆரிட்டப் போகுது எண்டதும் அதே கொப்பியில வரவேணும்.

மலைவேம்பு

அந்த விவரத்தைப் படத்தின் பின்னாலும் எழுதுங்கள். ஆனால் பென்சிலால், சட்டக்கட்டையில். கன்வஸ் துணியில் மார்க்கரால் எழுதினால் மை ஊறி முன்பக்கம் வரும்.